பட்டையில் பல் தேடிய காதர் அண்ணன்

காலையில் தம்பி அந்தோணி போன் செய்தான். "காதர் அண்ணன் போயிட்டாகண்ணே. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்" என்றான். ஓய்வு பெற்ற வனக்காவலர். தேவாரத்து மலையடியில் தோப்பு வைத்திருக்கும் நமக்கெல்லாம், மரத்தைக் கடித்தது எது என்று கேட்க அவரை விட்டால் ஆளில்லை.

தோப்புக்குள் வந்தால் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். "மா எப்பவும் பச்சையாத்தான் நிக்கும். இலையப் பாத்து ஏமாறாதீக" என்பார். மண்டியிட்டு, கீழே கிடக்கும் பட்டைச் சில்லுகளைப் பொறுக்குவார். பட்டை மேல்நோக்கி நாராக உரிந்து தொங்கினால் மிளா மான். அடிமரத்தில் இரட்டைப் பல் தடம் இருந்தால் முள்ளம்பன்றி. தடத்துக்குள் நகத்தை விட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஒருமுறை காட்டுமாடு என்று சொல்லிவிட்டு, மறுநாள் அனுமந்தன்பட்டியிலிருந்த என் வீட்டுக்கே பஸ் ஏறி வந்து, "தப்பாச் சொல்லிட்டேன் வாத்தியாரே, அது மிளா" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

வரப்புத் தகராறில் நானும் அந்தோணியும் பேசாமலிருந்த வருடம், என் மாமரங்களில் மூன்றுக்கு அடிப்பட்டை சுற்றிலும் போயிருந்தது. அவன்தான் என்று முடிவு கட்டி, போலீஸுக்கு மனு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் காதர் அண்ணனைக் கூப்பிட்டேன்; அவரிடமும் அதைக் காட்டினேன். முதல் இரண்டு மரங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முள்ளம்பன்றி. ஒங்க தம்பிக்கு இம்புட்டுப் பெரிய பல்லா இருக்கு?" மூன்றாவது மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். "இதுவும் அதேதான். மனுவக் கிழிச்சுப் போடுங்க" என்றார். கிழித்தேன். வெட்கத்தோடு நானே போய்த் தம்பியிடம் பேசினேன்.

அடக்கம் முடிந்து ஒரே வண்டியில் திரும்பும்போது அந்தோணி ஓரமாக நிறுத்தச் சொன்னான். "அந்த மூணாவது மரம் நாந்தாண்ணே. முள்ளம்பன்றி கடிச்சதப் பாத்துட்டு, அதோட அதாப் போகட்டும்னு அரிவாளால செதுக்கிட்டேன். மரத்தப் பாத்த அன்னைக்குச் சாயங்காலமே காதர் அண்ணன் என் வீட்டுக்கு வந்தாக. 'இந்தத் தடவ பல்லுன்னு சொல்லிட்டேன், அடுத்த தடவ சொல்ல மாட்டேன்'னாக."

கோபம் வரவில்லை என்றால் பொய். அது நன்றாகக் காய்த்த மரம். ஆனால் அந்த மனு ஸ்டேஷனுக்குப் போயிருந்தால், எனக்குப் பின்னால் உட்கார்ந்து இவன் அழுதிருக்க மாட்டான். இதை எழுதச் சொன்னதும் அவன்தான்.

எத்தனையோ மரங்களுக்கு உண்மை சொன்னவர் காதர் அண்ணன். அவர் எனக்குச் சொன்ன ஒரே பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன்.