அணைத் தண்ணீரிடம் தோற்ற கடல்காரன்

நாற்பதுகளின் நடுவில், யுத்தம் முடிகிற சமயம். கடலூருக்குத் தெற்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. அந்த வருஷம் மீன்பாடே இல்லை. நன்றாக முங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்து கேட்டார். நானும் என் மனைவியின் அண்ணனும் சரியென்று, சிதம்பரம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு அங்கேயே ரயிலேறினோம். எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம்.

வேலை தெற்கே ஒரு மலையடிவாரத்தில். ஆறு அருவியாக விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அணை கட்டி, தண்ணீரைப் பெரிய குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். குழாயின் வாயில், தண்ணீருக்கு அடியில், இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கும். அதில் இலையும் கிளையும் வந்து அடைத்துக்கொள்ளும். முங்கி அதை எடுத்துப் போடுவதுதான் எங்கள் வேலை. அதற்கு முன் குழாயின் கதவை மூட வேண்டும். மூடினால் கீழே மிஷின் நிற்கும், ஊர் ஊராகக் கரண்ட் நின்றுபோகும். அதனால் மேலதிகாரி உத்தரவு கொடுத்து, கதவுக்காரர் அணைமேல் நின்று கொடி காட்டிய பிறகுதான் இறங்கலாம்.

ஒருநாள் காலையில் உத்தரவு வரவே இல்லை. ஒரு மணி நேரம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்று எனக்கு எரிச்சலாகிவிட்டது. கயிற்றின் மறுமுனை மச்சான் கையில். எனக்குப் பயமெல்லாம் அந்தப் பக்கம் இரைந்து விழுந்த அருவியிடம்தான். குழாய் இருந்த இந்த மூலையில் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. கடலில் ஓட்டம் இருந்தால் மேலேயே தெரிந்துவிடும். நுரை ஓடும், நிறம் மாறும். அந்தக் கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன், மடையன்.

“மச்சான், வேணாம். அவுங்க கதவ எறக்கட்டும், அப்பால போலாம்” என்றார் அவர்.

“கடல்ல பொறந்தவன் கொட்டாங்கச்சித் தண்ணிக்குப் பயப்படுவானா? நீ கயித்தப் புடி” என்று சொல்லிவிட்டுக் குதித்தேன்.

இரண்டு ஆள் ஆழம் போயிருப்பேன். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல இருந்தது. அவ்வளவுதான், குழாய்க்குள் பாய்கிற தண்ணீர் இழுத்து, நெஞ்சும் முகமும் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. கையை ஊன்றித் தள்ளினால் கை அசையவில்லை. மச்சான் இழுத்த இழுப்பில் கயிறு இடுப்பை அறுத்ததே தவிர நான் வரவில்லை. மூச்சு முட்டியது. கல்யாணமான கையோடு அவளைத் தாலியறுக்க வைத்துவிட்டேனே பாவி என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

மச்சான் கத்திய கத்தல் அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். துண்டை அவிழ்த்து வீசிக் காட்டியிருக்கிறார். கதவுக்காரர் பார்த்துவிட்டார். போனை எடுக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கொக்கியைத் தட்டி இரும்புக் கதவை அப்படியே விழவிட்டார். என்னைப் பிடித்திருந்த பிடி சட்டென்று விட்டது.

கரையில் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தேன். மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “எந்தங்கச்சி மூஞ்சில நான் எப்புடிய்யா முழிப்பேன்?” என்று ஓவென்று அழுதுவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குள் மேலதிகாரி ஜீப்பில் வந்து, “யாரைக் கேட்டு நிறுத்தினீர்?” என்று கதவுக்காரர்மேல் பாய்ந்தார்.

“கேட்டுட்டு இருந்தா ஆளு போயிருப்பாம்லா, ஐயா” என்றார் அவர்.

பெரிய திட்டு வாங்கினார், என்னால். தப்பு என்னுடையது என்று நான் ஒத்துக்கொண்ட பிறகும் அதிகாரி விடவில்லை. அதிகாரி போனதும் கதவுக்காரர் காலில் விழப் போனேன். “ஏலே, மொதல்ல தலையத் தொவட்டு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

இப்போது எங்கள் குப்பத்திலும் கரண்ட் இருக்கிறது. அது போகும்போதெல்லாம் தெருவே திட்டுகிறது. எனக்கு மட்டும் வாய் வருவதில்லை. எங்கேயோ ஓர் ஆளைக் காப்பாற்ற, யாரையும் கேட்காமல் ஒருவர் அதை நிறுத்தியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன்.