சித்திரகுப்தன் நோட்டு

பாட்டி முப்பத்தோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் இதய நோய்ப் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தார். டாக்டர்கள் கிறுக்கித் தருவதைப் பிறர் படிக்கும்படி அடித்துக் கொடுப்பது வேலை. ஒருமுறை, வராந்தாவில் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அவள் கணவனின் ஃபைலில் இருந்ததைச் சொல்லிவிட்டார். வேலை போகப் பார்த்தது. அதற்குப் பிறகு யார் உடம்பைப் பற்றியும் அவர் வாயைத் திறந்ததில்லை, எங்களிடம்கூட.

ஓய்வு பெற்றபின் மனிதர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். கோடு போட்ட நீள நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். எழுத நினைத்தவரை மூன்று மதியம் எதிரில் உட்கார வைத்துப் பேசுவார். முடித்ததும் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வார்.

"செத்த பிறகு ஆளாளுக்குப் புகழ்றோம். நம்ம வழக்கமே அதான். உசுரோட இருக்கும்போது ஒருத்தர் முகத்தை நிதானமா பாத்திருக்கோமா?" என்பார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் தன் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தபடி நோட்டை மூடினார். நான்காம் மாதம் போய்ச் சேர்ந்தார். எதிர்வீட்டுத் தலைமையாசிரியை படித்துவிட்டு நோட்டைக் கவிழ்த்து வைத்து எழுந்து போனார். அந்த மழைக்காலம் முடியவில்லை, அவரும் போனார். மூன்றாவது ஆள் தபால்காரர். அதற்கப்புறம் பாட்டி பேனா மூடியைக் கழற்றினாலே அக்கம்பக்கத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன.

மாமாவுக்கு மட்டும் இது வேடிக்கை. அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். "சித்திரகுப்தன் ஆபீஸ்ல எங்கம்மாதான் ஹெட் கிளார்க்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், எனக்கு மட்டும் படியா?" என்று புலம்பிக்கொண்டே ஏறி வருவார். வாசல் பக்கம் நாற்காலி போட்டு, பாட்டி அந்தக் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உன் மாமா பக்கத்தை ஆரம்பிச்சுட்டாங்கடி."

"படிச்சியாம்மா?"

"படிக்கவா? தலைப்பைப் பாத்ததுமே மூடிட்டேன். நோட்டை எங்கயாவது ஒளிச்சு வை. முடிக்கலைன்னா ஒண்ணும் ஆகாது."

நான் பட்டம் வாங்கியவள். மூடநம்பிக்கையைக் கண்டித்துக் கல்லூரியில் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியவள். நோட்டை எடுத்து, பீரோவின் மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் செருகினேன்.

பாட்டி தலையணை உறையைக்கூட உதறித் தேடினார். மாமா சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சீண்டினார்.

"என்னம்மா, ஹெட் கிளார்க் லீவா?"

"நோட்டைக் காணோம்டா."

"அப்பாடா! அப்போ எனக்கு ஆயுசு கெட்டி."

பாட்டி சிரிக்கவில்லை. அவர் கண் மாமாவின் கணுக்காலில் இருந்தது. பிறகு என்னிடம் வந்தார்.

"நீ பாத்தியா?"

"இல்ல பாட்டி."

"அவன் படிக்க வேண்டியது அதுல இருக்கு."

"அப்படி என்ன? வாயால சொல்லிடுங்களேன்."

உதடு பிரிந்து மூடியது. "டைப்பிஸ்ட் வாயால சொன்னா யாரு கேப்பா? எழுத்துல இருந்தாத்தான் எடுபடும்."

இரண்டு நாள் கழித்து ஒரு தனித்தாளில் எழுதி மாமாவின் சட்டைப் பையில் வைத்தார். துணி துவைக்க எடுத்த அம்மா கையெழுத்தைப் பார்த்ததும், படிக்காமலே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள்.

நோட்டு காணாமல் போன பன்னிரண்டாம் நாள், ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று மாமாவைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். டூல்பாக்ஸைப் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து நோட்டைப் பாட்டி மடியில் வைத்தேன். அவர் திட்டவில்லை. தூசியை முந்தானையால் துடைத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரையும் எதிரில் உட்காரச் சொன்னதில்லை. அப்படி ஏழு வருடம் இருந்தார். போன செவ்வாய்க்கிழமை அவரும் போய்விட்டார்.

இன்றைக்குத்தான் நோட்டைப் பிரித்தேன். தையல்காரரின் பக்கம் அவர் வெட்டிய காலர்களில் தொடங்கி, ஊசி கோக்கும்போது அவர் நெஞ்சைத் தடவுவதில் முடிகிறது. கடைசி வரி: "தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள்." தலைமையாசிரியைக்கும் தபால்காரருக்கும் அதே வரி. மூவரும் படித்திருக்கிறார்கள், மூவரும் மறைத்திருக்கிறார்கள்.

மாமாவின் பக்கத்தில் அந்த வரி முதலிலேயே இருக்கிறது, அடிக்கோடிட்டு. அதன் கீழே: "தை மாதம் மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினான். பங்குனியில் இரண்டாம் மாடி. இப்போது முதல் மாடியிலேயே நிற்கிறான். கால் வீங்கி, சாக்ஸ் தடம் காலையிலும் மறைவதில்லை. மூச்சு முட்டாமலிருக்க மூன்று தலையணை வைத்துப் படுக்கிறான். என் மகனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பினேன். போன மாதத் தேதி. கோணல்மாணலான எழுத்து. தலைப்பு: மகள்.

"மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். இறுக்குகிறதாம். பால் வாங்கி வந்தால் முதல் மாடியில் பையைக் கீழே வைக்கிறாள். இரண்டு தலையணை." அத்தோடு நிற்கிறது.

விடிந்ததும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். நோட்டைக் காட்டப் போவதில்லை, கிழித்துவிடுவாள். வாயாலேயே சொல்வேன்.

பக்கத்து அறையில் அம்மா புரளும் சத்தம் கேட்கிறது. பீரோ திறக்கிறது. மூன்றாவது தலையணை அதில்தான் இருக்கிறது.