மரம் குடித்த மருந்து

2006 ஆகஸ்ட் 14, திங்கள். அச்சகத்தில் காலண்டர் ஆர்டர்களைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போல் ஆறு மணிக்குத் திருத்தங்கல் வீட்டுக்கு வந்தேன். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிப்பவர் இரண்டாம் முறையாக வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் ஈரத் துண்டு. எந்தப் பொருளையும் விரலை நனைத்துத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

பேறுகாலத்துக்கு வந்திருந்த மகள், இன்றும் பூச்சி கடித்தால் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

“இந்தத் தடவை ரெண்டு மடங்கா அடிங்க” என்றேன்.

அவர் என் மனைவியின் சீர்க்கட்டிலைத் தொட்டார். விரலின் ஈரம் மரத்தில் உடனே மறைந்தது. “இரும்புல அடிச்சா மருந்து மேலயே நிக்கும். வார்னிஷ் இல்லாத மரம் குடிச்சிருது. பூச்சி நடக்குற எடத்துல கொஞ்சந்தான் மிஞ்சும். கட்டில மாத்துங்க.”

“மருந்தடிக்க வந்தீகளா, எங்கம்மா குடுத்த கட்டில வெளிய தள்ள வந்தீகளா?” என்றாள் மனைவி.

“பச்சப்பிள்ள மூச்சு விடுற எடம், தாயி. கூட அடிக்க மாட்டேன்.”

மருந்துப் பம்பின் மூடியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் அதட்டியும் கைகளை எடுக்கவில்லை. அப்படியே கிளம்பிவிட்டார்.

பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்காத அவருக்கு வந்த பயம் எங்களுக்கு ஏன் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மனைவி கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, “அங்கன பிடிங்க” என்றாள்.