டிவி கேமும் ஓடுகிற கையும்

கேம் கேசட்டின் அடிப்பக்கத்தை வாயருகே வைத்து ஓங்கி ஊதினால் உதட்டில் பஞ்சு வந்து ஒட்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஊதியபோது தூசி பறந்திருக்கலாம். எங்கள் வீட்டில் பறந்தது பனியன் பஞ்சு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் அப்பா தையல் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கிளம்புகிற பஞ்சு சோற்றில் விழும், சாமி படத்தில் படியும், மாமா எனக்கென்று வாங்கித் தந்த "டிவி கேம்" பெட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊதித் துடைத்து, கேசட்டை அழுத்திச் செருகி, அடாப்டர் சூடேறுகிற வாசனை வந்த பிறகுதான் திரையில் படம் தெளியும். அந்த வாசனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை, செல்வம்தான் வருகிறான். அவன் வந்ததும் கூடவே வயிற்றெரிச்சலும் வந்துவிடுகிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த செல்வத்தின் அம்மா எங்கள் ஷெட்டில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர். பள்ளி விட்டதும் அவன் அம்மாவின் வேலை முடியும்வரை வாசலில் நிற்பான். "வெயில்ல ஏன் நிக்கற சாமி, உள்ள வந்து உக்காரு" என்று என் அம்மா ஒருநாள் அவனை அழைத்தாள். என்னைப் பிடித்த சனியன் அந்த அழைப்பில்தான் தொடங்கியது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு ரிமோட். ஒன்றில் ஸ்டார்ட் பட்டன் உண்டு, மற்றொன்றில் கிடையாது. ஆட்டத்தைத் தொடங்குவது, நடுவில் நிறுத்துவது எல்லாமே முதல் ரிமோட் வைத்திருப்பவன் கையில். அது எப்போதும் என்னிடம்தான், செல்வத்துக்குப் பட்டன் இல்லாததுதான். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை என்பதுதான் எனக்கு முதல் கடுப்பு. காட்டுக்குள் இரண்டு சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே ஓடுகிற ஆட்டம் அது. வழியில் ஒரு நீர்வீழ்ச்சி வரும், பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலேறிவிடும், கீழே தங்கியவன் செத்தான். செத்தவன் எந்நேரமும் நான்தான். முதலாளி மகனிடம் "வாங்க, போங்க" என்று பேச வேண்டுமென்று அவன் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் நீர்வீழ்ச்சியில் அந்த மரியாதையெல்லாம் பறந்துபோகும். "ஏலே, ஏறுலே! நா நிக்கேன், பைய வாலே!" என்று கத்துவான். அவன் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்காகப் பாறைமேல் காத்து நின்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் அந்தரத்தில் தாவுகிற நேரம் பார்த்து ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி, சாவகாசமாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து அழுத்தினால் கடன்காரன் பாறைமேல் போய்ச் சரியாக உட்காருவான்!

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன், அப்பா மட்டும் வந்து பார்க்காமல் இருந்திருந்தால்.

அப்பா டெய்லராக இருந்து சொந்தமாக ஷெட் போட்டவர். ஆளை எடைபோட அவருக்கு முகம் தேவையில்லை, கை போதும். வேலை கேட்டு வருகிறவரிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "கை ஓடுது" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நான் பனியனை மடித்துக் கவரில் போடத் திணறுவதைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை ஓடாது கண்ணு, பரவால்ல, நீ படிச்சுக்க" என்று தலையைத் தடவிவிட்டுப் போனவர் அவர். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

ஒரு சாயங்காலம் செல்போனை சார்ஜ் போட வந்தவர் எங்களுக்குப் பின்னால் நின்றார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாராக இருந்தாலும் திரையைத்தான் பார்ப்பார்கள், அப்பா செல்வத்தின் விரல்களைப் பார்த்தார். "அடேங்கப்பா, பையனுக்குக் கை என்னமா ஓடுது பாரு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். அப்போது அவர் போன் அடித்தது. என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதுகூடப் பாதியில் எழுந்து போன் பேசப் போன மனிதர், அன்றைக்கு அதை எடுக்கவில்லை. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. கேம் என்னுடையது, வீடு என்னுடையது, அப்பா என்னுடையவர். இவன் யார் நடுவில்?

அதற்குப் பிறகு அப்பா தினமும் டீ கிளாஸோடு வந்து உட்கார ஆரம்பித்தார். மகனைக் கூட்டிப்போக வந்த செல்வத்தின் அம்மாவிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "பெருசானா நம்ம ஓவர்லாக்குல உக்கார வெச்சிரலாம், இந்தக் கைக்கு ஷிப்மென்ட் பறந்துரும்" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "மிசின்ல நா இருக்கது போதும் மொதலாளி. அவன் படிக்கட்டும்" என்று சொல்லி, செல்வத்தின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஏங்கிக் கிடந்த அதே பாராட்டு அவளுக்குச் சுருக்கென்று குத்தியது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன், உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து செல்வம் ஷெட் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் கட்டைவிரல் காய்த்துப்போகிற அளவுக்கு நான் ஒருவனே ஆடினேன். நீர்வீழ்ச்சியைத் தாண்டினேன், அதற்கப்புறம் வந்த பனிக்காட்டையும் தாண்டினேன். கடைசிக் கட்டம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உட்கார்ந்தார். ஸ்டார்ட்டை அழுத்தி ஆடினேன், எல்லோரையும் சுட்டேன், வெடித்தது, ஜெயித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் கண் என் கையில் இல்லை, எனக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த இரண்டாவது ரிமோட்டில் இருந்தது. "நெம்ப நல்லாருக்குது கண்ணு" என்றார். பிறகு, "ஏங்கண்ணு, செல்வம் இப்பெல்லாம் வரதே இல்லியா?" என்றார்.

இன்று அந்தப் பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. ஷெட் யாருக்கோ குடோனாக வாடகைக்குப் போய்விட்டது. வீட்டில் பஞ்சு பறப்பதில்லை, அம்மா சாமி படத்தை எப்போதாவதுதான் துடைக்கிறாள். செல்வம் ஊரோடு போய் ஏதோ பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறானாம். அவன் அம்மா நினைத்தது நடந்துவிட்டது. அவனுக்கு நடக்காததுதான் எது?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சோபாவில் சாய்ந்து என் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திரையைப் பார்க்கவில்லை, அவளுடைய கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, உனக்குக் கை என்னமா ஓடுது சாமி!" என்றார். ஒரு கோடை முழுக்கக் கட்டைவிரல் தேய ஆடியும் எனக்குக் கிடைக்காத வார்த்தை. அந்தக் கழுதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணு கெட்டுரும், போதும்" என்று போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். பெற்ற மகள்மேல் பொறாமை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அப்பா அவள் கையை விட்டு என் கையைப் பார்த்தார். "புடுங்கறதுக்கு மட்டும் உனக்குக் கை நல்லா ஓடுது" என்றார்.

கேலிதான். இருந்தாலும் சொல்லிவிட்டாரே!