நேர்ச்சைக் கோழிக்கு வந்த சளி

அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் வைத்தியம் பார்க்கப்பட்டது என் கோழிக்குத்தான்.

கறுப்புப் பெட்டை; கழுத்தில் மட்டும் செம்மண் நிறம். குஞ்சிலிருந்தே நான் வளர்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தென்னைமூட்டில் வந்து நிற்கும். ஆனால் அது எனக்குச் சொந்தமில்லை என்று அம்மா ஒருநாள் சொல்லிவிட்டாள். கல்ஃபில் இருக்கும் அப்பா நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தால் அந்தோணியாருக்கு அதைக் கொடுப்பதாக நேர்ந்திருக்கிறாளாம். எங்கள் கடற்கரையில் நேர்ச்சைக் கோழியை நேர்ந்த வீட்டார் அறுக்கக் கூடாது, வேறொன்றை மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கோயிலில் அதை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அன்றைக்கே குழம்பு. அப்பாவும் வர வேண்டும், கோழியும் போகக் கூடாது. இதற்கு எந்தப் புனிதரிடம் ஜெபிப்பது என்று தெரியாமல் திண்டாடினேன்.

மழை தொடங்கியதும் கோழிக்குச் சளி பிடித்தது. மூக்கில் நீர், கண்ணில் நுரை, ஓயாத தும்மல். மூச்சு விட்டால் தொண்டைக்குள் கஞ்சி கொதிப்பதுபோல ஒரு சத்தம்.

அம்மா உள்ளியும் நல்லமிளகும் நசுக்கி உருட்டிக் கொடுத்தாள். கேட்கவில்லை. கல்ஃபிலிருந்து வந்த தைலம் ஒன்று இருந்தது. தலைவலி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதுதான் மருந்து. அதில் ஒரு சொட்டை எடுத்துக் கோழியின் மூக்கில் தடவினாள். கோழி துள்ளிக் கிணற்றுச் சுவரில் ஏறி நின்று, இருந்த தும்மலையெல்லாம் சேர்த்துத் தும்மியது. பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவின் தங்கை, என் அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒரு நாட்டுக்கோழிக்கா மைனி இம்புட்டுப் பாடு? சட்டியில போட்டா சளி தானா போயிரும்."

அதன்பிறகு கொஞ்சநாள் அம்மா அத்தையோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போன் செய்வார். முதலில் விசாரிப்பது கோழியைத்தான். "கோழிக்கு இழுப்பு கொறஞ்சுதா மக்களே?" நான் விலாவாரியாகச் சொல்வேன். கேட்டுக்கொண்டே இருமுவார், பிறகு மூச்சை இழுத்து, அச்சு அசலாகக் கோழியைப் போலவே ஒரு சத்தம் போடுவார். அப்பாவுக்கு மிமிக்ரி வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "இன்னொருக்க செய்யுங்கப்பா" என்பேன். செய்வார். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

கடைசியில் அம்மா கோழியைக் கூடையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி மிருக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து தந்தார். கூடு ஈரமில்லாமல் இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும், மற்ற கோழிகளோடு விடக் கூடாது என்றார்.

"சளி கொறயும். ஆனா முழுசாப் போவாது. மழைக்கு மழை திரும்ப வரும். பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

"பாத்துக்கிட்டா சாவாது, இல்லியா சார்?" என்று கேட்டாள் அம்மா. அவர் ஆமாம் என்ற பிறகும் மறுபடி கேட்டாள். கண் நிறைந்திருந்தது. என் கோழிமேல் அம்மாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு ஒரே பெருமை. அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தாள். "மழைக்கு மழை வருமாம். பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆவாதாம். நீங்க இஞ்ச வந்திருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஒப்பந்தம் முடியும் முன்பே அப்பா வந்துவிட்டார். மெலிந்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை கோழியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான் வழியெல்லாம் அழுதேன். ஏலக்காரர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கோழி பலமாகத் தும்மி, கர்ரென்று இழுத்தது. கூட்டம் சிரித்தது. சீக்குக் கோழியை யார் கேட்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாதான் கை தூக்கினார்.

"எனக்குத் தாங்க."

அந்தோணியாரின் புத்தி யாருக்கு வரும் என்று நான் மலைத்துப்போனேன்.

கோழியை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா மணல்மேட்டில் ஏறினார். இரண்டு பேருக்கும் ஒன்றுபோல இழுத்தது. நான் கைதட்டிச் சிரித்து, "இன்னொருக்க அப்பா" என்றேன். அவர் நின்று, மூச்சைத் திரட்டி, எனக்காக இன்னொருமுறை செய்தார்.

வீடு சேர்ந்ததும் அம்மா கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து முதுகைத் தடவிவிட்டாள். சீக்கு கோழிக்குத்தான், அப்பா சும்மா நடிக்கிறார் என்று அவளிடம் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.