சீல் போட வந்தவள்

முட்டையைச் சோதிக்க ஓர் ஆள் வைக்கப் போகிறோம், கோழிக்கு இவ்வளவு என்று நாமே கட்டணம் கட்டி அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கோழிப்பண்ணைக்காரர் சங்கத்தில் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. ராஜபாளையத்துக்கு மேற்கே இரண்டு ஷெட் வைத்திருப்பவள் நான். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். பண்ணையைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் சண்டை போடுவதும் நான்தான். கூட்டத்தில் எழுந்தே கேட்டுவிட்டேன்.

"நம்ம காசுல சம்பளம் வாங்குத ஆளு நம்ம முட்டையக் கெட்டதுன்னு சொல்லுமா? யாரு நெறையக் கட்டுதாவளோ, அவிய முட்டை மட்டும் நல்ல முட்டை ஆயிரும்."

தளவாய்புரத்து அண்ணாச்சி மட்டும் சிரித்தார். எங்களிலேயே பெரிய பண்ணை அவருடையது. அதிகம் கட்டப் போகிறவரும் அவர்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனாலும் கட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு வாரம் இரண்டு முறை முட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்தின் சீல் இல்லாத உள்ளூர் முட்டை இனி வேண்டாம் என்று விடுதியைக் கவனிக்கும் டீச்சர் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் ஒரு ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

முட்டையைச் சோதிக்க வந்தவள் கால்நடைப் படிப்பு முடித்த சின்னப் பெண். முதல் மாதம் மேல் அட்டையில் நான்கைந்து முட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், இரண்டைத் தட்டில் உடைத்து ஊற்றினாள், சீல் போட்டாள். இவ்வளவுதானா வேலை என்று இருந்தது. அன்று மதியம் தீவனம் வாங்கப் போகிற வழியில் அண்ணாச்சி பண்ணை வாசலில் அவள் ஸ்கூட்டி நின்றது. சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயே நின்றது. எனக்குக் கால் மணி நேரம், அவருக்கு அரை நாள். என்ன உபசாரம் நடக்கிறதோ என்று வயிறு எரிந்தது.

அடுத்த மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். வெயில் படும் ஜன்னலில் வாரக்கணக்காகக் கிடந்த ஐந்து முட்டைகளை, கீழே இருந்த அட்டை ஒன்றில் கலந்து வைத்தேன். இவள் எப்படியும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சீல் போட்டதும் அந்த ஐந்தையும் கூட்டத்தில் உடைத்து எல்லோர் மானத்தையும் வாங்கிவிடலாம்.

அன்றைக்கென்று அவள் எல்லா அட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துப் பார்த்தாள். ஐந்தும் வரிசையாக அகப்பட்டன.

"இந்த மாசம் சீல் போட முடியாதுக்கா."

"ஏம்மா, அது நான் வேணும்னே வச்சது. நீ ஒழுங்காப் பாக்கியான்னு பாக்கத்தான் வச்சேன்."

"தளவாய்புரத்துலயும் அப்படித்தான்க்கா சொன்னாவ. போன மாசம் அவிய முட்டைக்குச் சீல் போடல. போட்டாத்தான் விடுவோம்னு பொழுது சாயிற வரைக்கும் நிப்பாட்டி வச்சிட்டாவ."

பேசியபடியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டாள். அந்த மாதம் விடுதிக்கு நாமக்கல் முட்டை போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்று தெரிந்தும், கோபம் அவள் மேல்தான் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவளும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி எழுந்தார்.

"நாமளே காசக் குடுத்து நம்ம வாயில மண்ணப் போட்டுக்கிடணுமா? வேற ஆளு பாப்போம். சரிங்கிறவிய கையத் தூக்குங்க."

அவள் நேர்மையானவள் என்பது அந்த அறையில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. நான் கையைத் தூக்கினேன். அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது வேறொருவர் வருகிறார். பைக்கை விட்டு இறங்காமலே சீல் போட்டுக் கொடுக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன வாரம் விடுதி டீச்சர் போன் பண்ணினார்.

"நாமக்கல் முட்டைய அடியோட நிப்பாட்டிட்டேன். உங்க சீல் இருக்கதாலதான் பிள்ளைகளுக்குப் பயமில்லாமக் குடுக்கேன்."

"ஆமா டீச்சர்" என்றேன்.