தண்ணீர் படக்கூடாத அலைப்பலகை

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. ஆனாலும் கடலலை மேல் நின்று போகிற பலகைகளுக்கு எங்கள் ஊரில் ஒரு மியூசியம் இருந்தது. எழுபதுகளில், ஒரு பட்டுக்கடை மாடியில்.

நான் தறி ஆசாரி. நாலாவது வரை படித்தேன். அந்தக் கடை முதலாளியின் தறிகள் அத்தனைக்கும் மரவேலை நான்தான். ஒரு கட்டை ஆடினாலும் ஆள் அனுப்புவார். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

ஒரு வெள்ளைக்காரன் நெசவு பார்க்க வந்து அவர் வீட்டில் இரண்டு மாதம் தங்கினான். போகும்போது இரண்டு பலகைகளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் விட்டுவிட்டுப் போனான். வேறு யாராவது என்றால் பரண்மேல் போட்டிருப்பார்கள். இவர் மாடியில் ஆணி அடித்து மாட்டினார். மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக் காட்டும் கைடுகளுக்குச் சொல்லி வைத்தார். மேலே பலகை காட்டினால் கீழே புடவை விற்கும். அதுதான் மியூசியம்.

பிறகு பழைய மரப்பலகை ஒன்று இல்லையே என்று அவருக்குக் குறை. ஒரு புத்தகத்தில் படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு பண்ணு ஆசாரி. பழசா தெரியணும்."

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க மொதலாளி?"

"செவுத்துல மாட்டுவேன். வேற இன்னா, ஏறி குந்திக்கினு போவப் போறனா?"

சுவரில் மாட்டுகிற பலகைக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்தேன். மூன்று பலகைகளை இழைத்து ஓரத்தோடு ஓரம் வச்சிரம் போட்டு ஒட்டினேன். வச்சிரம் தோலும் எலும்பும் காய்ச்சின பசை. காய்ந்தால் கல். தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். முன்பக்கம் கரியும் எண்ணெயும் தேய்த்துக் கருக்கினேன். சுவர்ப் பக்கத்துக்கு எண்ணெய் இல்லாமல் கரி மட்டும் பூசினேன்.

ஒருநாள் கொக்கி தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார். அன்றுதான் மியூசியத்தை முழுதாகப் பார்த்தேன். சுவர் முழுக்க போட்டோ. அலைமேல் ஜட்டியோடு நிற்கிற ஆட்கள். போய்ச் சேர ஊர் இல்லை, பிடிக்க மீன் இல்லை, சும்மா நிற்கிறார்கள். நாலு கிளிஞ்சல். காலுக்கடியில் வழுக்காமல் பலகைமேல் தேய்க்கிற மெழுகு ஒரு துண்டு, வெல்வெட்மேல். பூப்போட்ட அரை டிராயர் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள். கீழே கடையில் அசல் ஜரிகைப் புடவை பாய்மேல் கிடக்கிறது. மேலே எவனோ போட்டுக் கழற்றின டிராயருக்குக் கண்ணாடி.

என் பலகை நடுவில் இருந்தது. கீழே இங்கிலீஷில் ஓர் அட்டை. அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரனோடு வந்திருந்த கைடைப் படிக்கச் சொன்னேன்.

"ஏதோ தீவு ராஜா ஏறின பலகையாம். நூறு வருஷம் ஆவுதாம்."

"அதுல பசை வாசனையே இன்னும் போவல," என்றேன். அவன் சிரித்தான்.

அவன் கூட்டிவந்த வெள்ளைக்காரன் வாலிபன். என் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. கைடிடம் ஏதோ கேட்டான். கைடு முதலாளியிடம் சொன்னான்.

"நாளைக்கி காலைல இத்த கடலுக்கு எடுத்துனு போயி ஒரே ஒரு தபா ஏறிப் பாக்கணுமாம். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவாராம். பத்து பொடவை எடுக்கறாரு."

பத்து என்றதும் முதலாளி தலையாட்டிவிட்டார். நான் அவரை ஓரமாக இழுத்தேன்.

"மொதலாளி, தண்ணி பட்டா பிரிஞ்சுடும்."

"பிரிஞ்சா பழசுன்னு சொல்லிக்கலாம்."

"ஆளு நடுக்கடல்ல இருப்பான்."

"அலைமேல நிக்கறவனுக்கு நீந்தத் தெரியாதா? வாய மூடிக்கினு கொக்கிய மாட்டு. உனக்கு தறி வேல வேணுமா வேணாமா?"

கைடிடம் போனேன். "அவருகிட்ட சொல்லுப்பா, இது ஒட்டுப் பலகை."

"நீயே சொல்லிக்க ஆசாரி. எனக்கு கமிஷன் போயிடும்."

எனக்கு இங்கிலீஷ் வராது. அதற்குள் பலகையை இறக்கி, பின்பக்கம் மேலே தெரிய டாக்சியின் கூரைமேல் வைத்துவிட்டார்கள். கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணீர் வாங்கினேன். வால் பக்கத்து ஒட்டின்மேல் நிதானமாக ஊற்றினேன்.

வெள்ளைக்காரன் பூஜை என்று நினைத்தானோ என்னவோ, கை கூப்பி நின்றான்.

"டேய், இன்னாடா பண்ற?" என்று முதலாளி கடை வாசலில் இருந்து கத்தினார்.

இன்னொரு சொம்பு வாங்கி ஊற்றினேன். ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்றேன். வெள்ளைக்காரன் கூப்பின கையை இறக்கவில்லை; அவன் முன்னால் முதலாளியால் என்னைப் பிடித்து இழுக்க முடியவில்லை. பிறகு ஒட்டில் உளியை விட்டுத் திருகினேன். டப்பென்று வாய் பிளந்தது. கையால் பிடித்து இழுத்ததும் ஒரு பலகை முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே மரம் வெள்ளை வெளேரென்று புதுசு.

வெள்ளைக்காரன் அதைப் பார்த்தான். என் கையில் இருந்த உளியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்சியில் ஏறிக் கதவைச் சாத்தினான். கைடு இரண்டு துண்டுகளையும் தெருவில் இறக்கிவைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினான். கட்டி வைத்த பத்துப் புடவையும் கடையிலேயே கிடந்தன.

"இனிமே என் தறி பக்கம் வந்தே, கால ஒடிப்பேன்," என்றார் முதலாளி.

"வரல," என்றேன்.

அவருடைய தறிகளுக்கு ஐயம்பேட்டையில் இருந்து வேறு ஆசாரி வந்தான். நான் வாலாஜாபாத்தில் அரிசி மில்களுக்குச் சல்லடைச் சட்டம் அடிக்கப் போனேன். அது நெஞ்சு முழுக்கத் தவிடு போகிற வேலை. வீட்டில் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ஒருநாள் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கைடைப் பார்த்தேன்.

"பலகை இன்னும் மாடில இருக்குது ஆசாரி. ரெண்டு துண்டாவே மாட்டிட்டாரு. அட்டைய மாத்தி எழுதிட்டாரு. ராஜா ஏறிக்கினு போவசொல்ல பெரிய அலை அடிச்சி ஒடைச்சிடுச்சாம்."

"ஜனங்க பாக்கறாங்களா?"

"முன்ன விட இப்பதான் ஜாஸ்தி. போட்டோ எடுக்காதவனே இல்ல."

"எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மில்லுக்கு நடந்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. வச்சிரம் போட்டுக் காயவைத்த சட்டமெல்லாம் மில் வாசலில் வெளியே கிடந்தது.